முதல் ஸ்பே கோலுக்கு எந்த லைன் வாங்குவது?

கேள்வி இதுதான். ஃப்ளை எனப்படும், இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்ளைக் கனமான லைனால் வீசி மீன்பிடிப்பதற்காக, 13 அடி நீளமுள்ள 7 எண் இருகை ஸ்பே கோல் ஒன்றை வாங்கியாகிவிட்டது. கைப்பிடிக்குச் சற்று மேலே, அதற்கேற்ற லைனின் எடை 450–520 கிரெய்ன் என்று எழுதியிருக்கிறது. ஒருகை ஃப்ளைக் கோலில் சில ஆண்டுப் பழக்கம் உண்டு. லைன் வாங்கப் போனால் ஸ்காஜிட், ஸ்காண்டி, மிட் பெல்லி, லாங் பெல்லி என்று பட்டியல் நீள்கிறது. எதை வாங்குவது?

கோலைப் பற்றிய விவரம் எல்லாம் கேள்வியில் இருக்கிறது. எந்த ஃப்ளையை, எவ்வளவு ஆழத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. லைனைத் தீர்மானிப்பது அந்த விடுபட்ட பாதிதான். ஃப்ளையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: ஃப்ளை எவ்வளவு பெரியது, அதைச் சுமக்க எந்த முனை (லைனின் முன்னால் கட்டும் துண்டு) வேண்டும், அந்த முனையைத் தூக்க எந்த ஹெட் (லைனின் கனமான முன்பகுதி) வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அந்த ஹெட் உங்கள் கோலின் எடை வரம்புக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் கோலின் எண்ணில் தொடங்கி முன்னோக்கிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படி மாட்டியவன்தான்.

என் முதல் இருகைக் கோல் 8 எண். ஒருகைக் கோலுக்காக வாங்கிய 8 எண் லைன் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. "எட்டுக்கு எட்டு, பொருந்தாமல் எங்கே போகும்?" என்று கடையில் நின்றவரும் தலையாட்டினார். ஆற்றில் இடுப்பளவு இறங்கி ஒரு மணி நேரம் வீசினேன். கோல் வளையவே இல்லை. ஒட்டடைக் கம்பில் நூலைக் கட்டிச் சுழற்றுவது போல இருந்தது. லைன் என் முன்னால் பத்தடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது. என் கைதான் சரியில்லை என்று இன்னும் ஓங்கி வீசினேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். வீடு திரும்பியதும் அந்த லைனின் முதல் 30 அடியைச் சுருட்டிச் சமையலறைத் தராசில் வைத்தேன். 14 கிராம்கூட வரவில்லை. அந்தக் கோல் கேட்டதோ 35 கிராமுக்கும் மேல்.

தராசு பொய் சொல்லவில்லை. ஒருகை லைன்களுக்கான அளவுமுறையில் 8 என்றால் முதல் 30 அடியின் எடை 210 கிரெய்ன், அதாவது சுமார் 13.6 கிராம். 7 எண்ணுக்கு 185 கிரெய்ன். ஸ்பே கோலில் அதே 8 எண்ணுக்கு ஏறத்தாழ 550 கிரெய்ன் எடையுள்ள ஹெட் வேண்டியிருக்கும். எண் ஒன்றுதான், அது குறிக்கும் எடை வேறு. அதனால் ஸ்பே உலகில் லைனின் எண்ணை மறந்துவிட்டுக் கிரெய்னில் பேசப் பழகுங்கள். ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன். உங்கள் கோலின் 450–520 என்பது சுமார் 29 முதல் 34 கிராம் வரை.

ஏன் இவ்வளவு எடை? தலைக்கு மேலே வீசும்போது லைன் முழுவதும் பின்னால் காற்றில் நீண்டு, அதன் எடை முழுவதும் கோலை வளைக்கிறது. ஸ்பே வீச்சு பிறந்தது ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றங்கரையில். முதுகுக்குப் பின்னால் உயர்ந்த கரையும் மரங்களும். லைனைப் பின்னால் நீட்ட இடமில்லை. அதனால் லைனின் முன்முனையை நீர்மேல் ஒரு கணம் பதியவைத்து, மீதியைக் கோலுக்குப் பின்னால் வில்லாக வளைத்து, அங்கிருந்து முன்னே தள்ளுகிறார்கள். நீரில் பதியும் பகுதியை நங்கூரம் என்றும் பின்னால் வளையும் பகுதியைப் பின்வளைவு என்றும் வைத்துக்கொள்வோம். பின்வளைவில் இருக்கும் எடைதான் கோலை வளைக்கிறது. நங்கூரத்தில் கிடப்பது நீரின் பிடிமானத்தைத் தருகிறது. லைனில் ஒரு பங்கு எப்போதும் நீரில் கிடப்பதால் மொத்த எடை கூடுதலாக இருந்தாக வேண்டும். லைனின் வகைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே எடையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

முதலில் ஸ்காஜிட். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஸ்காஜிட் ஆற்றின் பெயர் இது. அங்கே குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் என்ற, கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் டிரவுட் மீனைத் தேடுபவர்கள், 1990களில் தங்கள் தேவைக்காக லைனை வெட்டி ஒட்டி உருவாக்கிய வகை. குளிர்ந்த நீரில் மீன் அடியில் படுத்திருக்கும். துரத்தி மேலே வராது. விரல் நீளத்துக்குப் பெரிய, நீரில் ஊறிக் கனத்த ஃப்ளையையும் அதை இழுத்துக்கொண்டு மூழ்கும் டங்ஸ்டன் முனையையும் தூக்கி எறிய வேண்டும். அதற்குக் குட்டையான, தடித்த, முனை மழுங்கிய ஹெட் தேவைப்பட்டது. 20 முதல் 27 அடி நீளம். அதற்குள் எல்லா எடையையும் அடைத்திருப்பார்கள். இதன் வீச்சில் அவசரம் இல்லை. டபுள் ஸ்பே, ஸ்னாப்-டி போன்ற வீச்சுகளில் லைன் நீர்மேல் நிதானமாக விழுந்து கிடக்கும். நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு, கோலைச் சுற்றிக் கொண்டுவந்து, நீரிலிருந்து லைனை உரித்தெடுத்து வீசலாம். கற்றுக்கொள்பவருக்கு இந்த நிதானம் பெரிய வரம். நங்கூரம் எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

ஸ்காண்டி என்பது ஸ்காண்டிநேவியாவின் சுருக்கம். ஸ்வீடனின் யோரான் ஆண்டர்சன் பரப்பிய, கீழ்க்கையை முதன்மையாகக் கொண்ட வீச்சுமுறையோடு வளர்ந்தது. ஹெட் 30 முதல் 40 அடி. எடை பின்பக்கமாக இருக்கும். முன்பகுதி சாட்டை நுனிபோல நீளமாக மெலிந்துகொண்டே போகும். நங்கூரமாக நீரைத் தொடுவது லீடரும் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்) லைனின் நுனியும் மட்டும்தான், அதுவும் ஒரு கணம். தொட்டது தெரிந்தவுடன் முன்வீச்சு தொடங்கியிருக்க வேண்டும். சிங்கிள் ஸ்பே, ஸ்னேக் ரோல் எல்லாம் இந்த இனம். தெளிந்த, இதமான நீரில், மேல்மட்டத்துக்கு வரத் தயாராக இருக்கும் மீனுக்குச் சிறிய ஃப்ளையைச் சத்தமில்லாமல் இறக்க இதைவிட நல்லது இல்லை. சரியாக அமைந்த ஒரு ஸ்காண்டி வீச்சில் லைன் ஊசிமுனை போன்ற வளையமாக ஆற்றைக் கடந்து போவதைப் பார்த்தவர்கள் அந்த அழகுக்காகவே அதை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு அதே லைனில் டங்ஸ்டன் முனையைக் கட்டுகிறார்கள். மெலிந்த நுனியால் அந்தக் கனத்தைப் புரட்ட முடியாது. முனையும் ஃப்ளையும் கற்குவியல் போல ஒரே இடத்தில் தொப்பென்று விழும்.

லாங் பெல்லி, மிட் பெல்லி என்பவை பழைய மரபின் வாரிசுகள். ஹெட்டே 45 அடியிலிருந்து 65 அடிக்கும் மேல் போகும். ஒவ்வொரு வீச்சுக்கும் லைனைக் கையால் இழுத்துச் சேர்க்கும் வேலை அநேகமாக இல்லை. தூக்கு, திருப்பு, வீசு, அவ்வளவுதான். உறைபனிக் காலையில் கோலின் வளையங்களில் பனி அடைக்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தால்தான் தெரியும். ஆனால் இந்த நீளத்தைத் தூக்க 14, 15 அடிக் கோலும் பழகிய கையும் வேண்டும். உங்கள் 13 அடிக் கோலுக்கு முதல் லைனாக இது வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான் என்றாலும் இங்கே பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது உங்கள் கோலுக்கு வருவோம். 450–520 என்ற வரம்பில் எங்கே நிற்பது? ஸ்காண்டி என்றால் கீழ்ப்பாதி, 450–470. ஸ்காஜிட் என்றால் மேல்பாதி, 500 அல்லது 510. ஸ்காஜிட் வீச்சு மெதுவானது. முன்னால் கனமான முனை வேறு தொங்குகிறது. அதற்குக் கூடுதல் எடை வேண்டும். ஸ்காண்டியில் கைவேகம் அதிகம். வேகமே பாதி வேலையைச் செய்துவிடும். வரம்பைத் தாண்டி இன்னும் கனமாக வாங்கினால் "கோல் வளைவதை நன்றாக உணரலாம், சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் அரைமணி நேரத்துக்கு அது உண்மை. பிறகு கோல் கைப்பிடி வரை மடங்கி, நிமிர நேரமில்லாமல் திணறும். முன்னே போகும் வளையம் பானை வாய் அளவுக்கு அகலும். நீங்கள் அதை ஈடுகட்டத் தோளால் தள்ளப் பழகிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தை விடுவது, புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கடினம்.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நீளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என் அனுபவத்தில் புதியவரைப் பாடாய்ப் படுத்துவது தவறான எடையைவிடத் தவறான நீளம்தான். 18, 20 அடி ஸ்காஜிட் ஹெட்கள் இப்போது ஏராளம். அவை ஒருகையாலும் இருகையாலும் வீசக்கூடிய 11 அடி ஸ்விட்ச் கோல்களுக்கும் புதர் மண்டிய நெருக்கமான கரைகளுக்கும் செய்யப்பட்டவை. அதை 13 அடிக் கோலில் மாட்டினால், கையைச் சாதாரணமாக உயர்த்தினாலே ஹெட் முழுவதும் நீரைவிட்டுக் கிளம்பிவிடும். நங்கூரம் நீரைக் கிழித்துக்கொண்டு வரும் அந்தச் 'சர்ர்' சத்தத்தை ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டீர்கள். அடுத்த நொடி ஃப்ளை உங்கள் காதோரம் பறக்கும். ஸ்காஜிட் ஹெட் கோலின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும்: உங்களுக்கு 24, 25 அடி. ஸ்காண்டி என்றால் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே: 33 முதல் 36 அடி. ஏற்கெனவே குட்டை ஹெட் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். சீட்டர் என்ற பெயரில் சில அடி நீளமுள்ள துண்டுகள் கிடைக்கின்றன. ஹெட்டின் பின்னால் கோத்துக்கொண்டால் நீளம் கூடும். எடையும் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஹெட்டுக்கு முன்னால் கட்டுவது அடுத்த பொறி. பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்காஜிட் எடை ஹெட்டுக்கு மட்டுமானது. முனை அதில் சேராது. முனை இல்லாமல் இந்த ஹெட்டை வீசவும் கூடாது. ஒருகைக் கோலில் செய்த பழக்கத்தில் 9 அடி லீடரை நேராக ஸ்காஜிட் ஹெட்டில் கட்டி, "லைன் மோசம்" என்று சொன்ன இருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த மழுங்கிய முனை, முன்னால் எதிர்த்துப் பிடிக்க ஒரு கனம் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. அது இல்லாதபோது லைன் உதைத்துத் திரும்புகிறது; நங்கூரமும் நிற்பதில்லை. 10 முதல் 12 அடி முனை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மூழ்கும் முனைகளில் டி-8, டி-11, டி-14 என்று எழுதியிருப்பது ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் என்பதைக் குறிக்கிறது. 10 அடி டி-11 என்றால் 110 கிரெய்ன். உங்கள் 500 கிரெய்ன் ஹெட்டுக்கு டி-8 சுகமாகப் போகும், டி-11 உழைப்போடு போகும். டி-14 ஐத் தூக்க 8 எண் கோலையும் 550 கிரெய்னுக்கு மேற்பட்ட ஹெட்டையும் தேடுங்கள்.

லீடர் விஷயத்தில் ஸ்காஜிட்டும் ஸ்காண்டியும் நேர் எதிர். ஸ்காஜிட்டின் மூழ்கும் முனைக்கு முன்னால் 3 முதல் 5 அடித் தங்கூசி (நைலான் நூல்) போதும். நீளமாக விட்டால் முனை அடியில் போகும்போது ஃப்ளை மேலே மிதந்துகொண்டிருக்கும். ஸ்காண்டியிலோ லீடர் கோலின் நீளமாவது இருக்க வேண்டும். 13 முதல் 15 அடி. நங்கூரமே அந்த லீடர்தான் என்பதால் 9 அடியோடு நிறுத்தினால் பிடிமானம் இல்லாமல் எல்லாம் பின்னால் பறந்துவிடும். ஸ்காண்டி தனக்கு வரவில்லை என்று கைவிட்டவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த நான்கைந்து அடிதான்.

ஹெட்டுக்குப் பின்னால் வருவது ரன்னிங் லைன், ஹெட் இழுத்துக்கொண்டு போகும் மெல்லிய லைன். ஹெட்டைத் தனியாகவும் ரன்னிங் லைனைத் தனியாகவும் வாங்கி வளையத்தோடு வளையம் கோப்பதே முதல் லைனுக்கு நல்லது; ஒரே ரீலில் நாளை வேறு ஹெட்டை மாட்டலாம். சேர்த்தே வார்த்த லைனில் கோல் வளையங்களில் இடறும் முடிச்சு இல்லை என்ற சுகம் உண்டு. ஆனால் ஹெட் பொருந்தவில்லை என்றால் முழுவதும் வீண். தங்கூசியில் செய்த ரன்னிங் லைன் அம்புபோலப் பாயும், தூரம் கூடும். கூடவே ஈரக் கையில் வழுக்கும், ரீலிலிருந்து சுருள் சுருளாக வரும், ஒவ்வொரு நாளும் இழுத்து நீவிவிட வேண்டும், காற்று அடித்தால் கோழி கிளறிய நூல்கண்டுதான். பூச்சுப் போட்ட, 0.032 அங்குலத்தை ஒட்டிய தடிமனுள்ள ரன்னிங் லைனோடு தொடங்குங்கள். நான்கைந்து அடி தூரம் குறைந்தால் குடி முழுகிவிடாது. அதன் முன்முனை வளையம் சிறியதாக இருந்தால் வெட்டிவிட்டு, சுருட்டிய ஹெட் உள்ளே நுழையும் அளவுக்கு, ஏழெட்டு அங்குலத்தில் பெரிய வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட் மாற்றுவது அப்போது ஆற்றின் நடுவிலேயே ஒரு நிமிட வேலை. வீசும்போது கோல் நுனிக்கு வெளியே ஹெட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று அடி ரன்னிங் லைன் தொங்கலாம். அதற்கு மேல் விட்டால் மெல்லிய லைனால் கனமான ஹெட்டைத் தள்ள முடியாமல் வீச்சு நடுவில் ஒடியும்.

ஆக, எதை வாங்குவது? பெரிய ஃப்ளை, குளிர்நீர், ஆழம் ஆகியவற்றில் எதுவும் உங்கள் திட்டத்தில் இருந்தால் 24 அல்லது 25 அடி, 500 கிரெய்ன் மிதக்கும் ஸ்காஜிட் ஹெட் ஒன்று. அதோடு ஒரு மிதக்கும் முனை, ஒரு டி-8 முனை. திட்டமே இன்னும் இல்லை என்றாலும் இதையே வாங்குங்கள். மிதக்கும் முனையைக் கட்டினால் சிறிய ஃப்ளையையும் இது சமாளிக்கும். ஸ்காண்டியின் மென்மை இருக்காது, கொஞ்சம் சத்தத்தோடு விழும், அவ்வளவுதான். ஸ்காண்டியால் இதன் வேலையைச் செய்ய முடியாது. கோடைத் தெளிநீரில் சிறிய ஃப்ளை மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால் 34 அடியை ஒட்டிய, 460 கிரெய்ன் ஸ்காண்டியை வாங்கிவிடுங்கள். அந்தச் சூழலில் ஸ்காஜிட் ஒரு முரட்டு விருந்தாளி. கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்றால் நான் சொன்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் எதை வீசுகிறாரோ அதையே வாங்குங்கள். ஸ்காண்டிக்காரரிடம் ஸ்காஜிட் ஹெட்டோடு போய் நின்றால் இருவருக்கும் நேரம் வீண்.

வாங்கியதைப் புல்தரையில் சோதித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். புல்லில் நங்கூரம் இல்லை. எந்த லைனும் அங்கே மோசமாகத்தான் தெரியும். முழங்கால் ஆழத்தில், மெல்ல ஓடும் நீரில் நின்று, முள்ளை நறுக்கிய ஃப்ளையோடு வீசுங்கள். காற்று ஆற்றின் போக்கிலேயே அடித்தால் நங்கூரம் உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் விழ வேண்டும்: ஸ்காஜிட்டில் டபுள் ஸ்பே, ஸ்காண்டியில் ஸ்னேக் ரோல். எதிர்த்து அடித்தால் மேல்நீர்ப் பக்கம்: ஸ்னாப்-டி அல்லது சிங்கிள் ஸ்பே. பக்கம் மாறினால் காற்று ஃப்ளையை உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். கண்ணாடி இல்லாமல் இறங்காதீர்கள். நான்கைந்து நாள் வீசிய பிறகும் கோலில் உயிரே இல்லாதது போலத் தோன்றினால் ஹெட் இலேசாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் கைப்பிடிவரை மடங்கினால் கனமாக இருக்கலாம். இரண்டு நாளில் அந்த முடிவுக்கு வராதீர்கள். முதல் இரண்டு நாளில் தவறுவது அநேகமாக நம் கைதான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஹெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும் அன்றே அதன் பின்முனையில் அழியாத மைப் பேனாவால் எடையையும் நீளத்தையும் எழுதிவிடுங்கள். என் பையில் மூன்று பச்சை ஹெட்கள் இருக்கின்றன. அட்டைகள் எப்போதோ போய்விட்டன. எது 510, எது 570 என்று பார்க்க இன்றும் சமையலறைத் தராசைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.